ஹுவே நகரத்தில் ஒரு தெருப் படையல்: வியட்நாமியர் போரை உண்மையில் மறந்துவிட்டார்களா?

#1 மலைச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவி நான். கோடை விடுமுறையில் மூன்று வாரம் வியட்நாமில் சுற்றினேன். கோயில்களின் கூரை அமைப்பைப் பார்த்துக் குறிப்பெடுப்பதற்காகத்தான் போனேன். திரும்பி ஒரு மாதமாகிறது, கூரையைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதவில்லை. மனத்தில் நிற்பது வேறு. அதை இங்கே எழுதி, விவரம் தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

முதலில் சைகோன். ஹோ சி மின் நகரம் என்பது காகிதத்தில் உள்ள பெயர், ஊர்க்காரர்கள் பேச்சில் சைகோன்தான். அங்கே போர் எச்சங்கள் அருங்காட்சியகத்துக்குப் போனேன். நாம் 'வியட்நாம் போர்' என்று சொல்வதை அவர்கள் 'அமெரிக்காவை எதிர்த்த போர்' என்கிறார்கள். ஏஜென்ட் ஆரஞ்ச் நச்சுத் தெளிப்பால் பிறவிக் குறையோடு பிறந்தவர்களின் படங்கள் ஓர் அறை முழுக்க இருக்கின்றன. என்னால் பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை. வெளியே வந்தால், வழிகாட்டி இளைஞர் ஒருவர் அமெரிக்க முதியவர்கள் சிலருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் பிறகு கேட்டேன். "அது முடிந்துபோன விஷயம்" என்றார். அடுத்த இரண்டு வாரத்தில் இதே பதிலை விடுதியில், ரயிலில், கடையில் என்று குறைந்தது ஐந்து பேரிடம் கேட்டிருப்பேன்.

பிறகு ரயிலில் ஏறத்தாழ ஒரு நாள் பயணம் செய்து ஹுவே போனேன். பழைய அரச தலைநகரம். கோட்டைக்குள்ளேயே ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். வீட்டுக்காரப் பாட்டிக்கு எழுபது வயது இருக்கும். கல்லூரியில் படிக்கும் பேத்திதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்.

ஜூன் கடைசி. ஒரு நாள் மாலை தெருவுக்கு வந்தால் வீட்டுக்கு வீடு வாசலில் மேசை போட்டிருந்தார்கள். பழம், நீர்க்கஞ்சி, வேகவைத்த கிழங்கு, பொரி, உப்பு, அரிசி, காகிதத்தில் செய்த உடைகள், ஊதுபத்தி. நான் ஏதோ திருவிழா என்று நினைத்தேன். பேத்தி விளக்கினாள். 1885 ஜூலை 5, அவர்களுடைய சந்திர நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் 23. அன்று பிரெஞ்சுப் படை ஹுவே கோட்டையைப் பிடித்தது. இரவில் தப்பி ஓடியவர்கள் சுடப்பட்டும், நெரிசலில் மிதிபட்டும், அகழியில் விழுந்தும் செத்தார்கள். பெயர் தெரியாத அந்த ஆவிகளுக்கு ஊரே ஆண்டுதோறும் படையல் போடுகிறது.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீரும், தரையில் ஒரு சிறு நெருப்பும் இருந்தன. வெயில் தாழ்ந்தும் உடம்பெல்லாம் வேர்க்கிற நேரத்தில் நெருப்பு எதற்கு என்று கேட்டேன். "தண்ணீரில் விழுந்து செத்தவர்கள் குளிரோடு வருவார்கள், அவர்கள் காய்வதற்கு" என்றாள். பானைத் தண்ணீர் தாகத்தோடு வருபவர்களுக்கு.

பாட்டி என் கையில் மூன்று ஊதுபத்திகளைக் கொடுத்து, நெற்றிக்கு நேராக உயர்த்திக் கும்பிடச் சொன்னார். "நம் மோ ஆ யி தா ஃபட்" என்றார். நமோ அமிதாப என்பதைத்தான் அப்படி உச்சரிக்கிறார்கள் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அந்த வீட்டின் பூசை மாடத்தில் மேலே புத்தர், அதற்குக் கீழ்த்தட்டில் இறந்தவர்களின் படங்கள். ஒரு படம் பாட்டியின் பெரியப்பாவுடையது. 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கே போனவர். 1968இல் படையோடு தெற்கே திரும்பி வரும் வழியில் குவாங் ட்ரியில் இறந்தார். அவர் படத்துக்கு மேலே, சுவரில், 'தாயகம் உங்கள் சேவையைப் பதிவு செய்கிறது' என்று அரசு கொடுத்த சான்றிதழ் சிவப்பும் பொன்னுமாகச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறது. இன்னொரு படம் பாட்டியின் அப்பாவுடையது. அமெரிக்கா ஆதரித்த தெற்கு அரசின் படையில் எழுத்தராக இருந்தவர். அந்தப் படம் கழுத்துக்குக் கீழே வெட்டப்பட்டிருக்கிறது. சீருடை தெரியக் கூடாது என்பதற்காக, வடக்குப் படை வென்ற 1975இல் பாட்டியே கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்.

உடன்பிறந்த இருவருக்கும் ஒரே அளவு கிண்ணம், ஒரே அளவு சோறு. அதைப் பார்த்த பிறகு 'முடிந்துபோன விஷயம்' என்ற பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் உண்மையிலேயே மறந்துவிட்டார்களா, மன்னித்துவிட்டார்களா, அல்லது விருந்தாளியிடம் சொல்வதற்கென்று வைத்திருக்கும் பதிலா அது?

#2 தொலைவண்டி

நான் ஹனோயில் 6 ஆண்டு வேலை பார்த்தவன். சகோதரி, அந்தப் பதிலில் பொய் இல்லை. நீங்கள் கேட்ட ஆட்களின் வயதைப் பாருங்கள். இன்றைய வியட்நாமியரில் பாதிக்கும் மேற்பட்டோர் 1975க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அமெரிக்கா என்றால் ஏற்றுமதிச் சந்தை, மேற்படிப்பு, அங்கே குடியேறிய அத்தை அனுப்பும் பணம்.

இன்னொன்று, நாம் அமெரிக்கப் போர் ஒன்றைத்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர்களுக்கு அது ஒரு வரிசையில் வருவது. அதற்கு முன் பிரெஞ்சுக்காரர்கள், ஜப்பானியர்கள். அதற்குப் பின் 1979 பிப்ரவரி 17 அன்று சீனப்படை வடக்கு எல்லையில் நுழைந்தது. கம்போடியாவில் இருந்த வியட்நாம் படை 1989இல்தான் முழுதாகத் திரும்பியது. என்னோடு வேலை பார்த்த மேற்பார்வையாளரின் அப்பா சீன எல்லையில் ஒரு காலை இழந்தவர். அவரிடம் அமெரிக்காவைப் பற்றிப் பேசினால் அமைதியாகப் பேசுவார். சீனாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

'கடந்ததை மூடிவைத்து எதிர்காலத்தைப் பார்ப்போம்' என்பது அரசே முன்வைத்த வாசகமும்கூட. 1994இல் அமெரிக்கா வணிகத் தடையை நீக்கியது, 1995இல் தூதரக உறவு வந்தது. அரசு சொன்னதும் மக்களின் தேவையும் ஒரே திசையில் இருந்தன. அதனால் அந்த வாசகம் ஒட்டிக்கொண்டது.

#3 செங்காந்தள்

தொலைவண்டி அவர்களுக்கு மறுப்பு. 'வணிகம் வந்தது, கோபம் போனது' என்று இதைச் சுருக்க வேண்டாம். 1961 முதல் 1971 வரை அந்த நாட்டின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் ஏஜென்ட் ஆரஞ்ச் உட்பட 7 கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லியை அமெரிக்கத் தரப்பு தெளித்தது. அதைக் கையாண்ட அமெரிக்க வீரர்கள் வழக்குப் போட்டார்கள். தயாரித்த நிறுவனங்கள் 1984இல் 18 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. அதே நஞ்சு யார் தலையில் விழுந்ததோ, அந்த வியட்நாமியர் போட்ட வழக்கை 2005இல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்தது. மறந்துவிட்டவர்கள் நீதிமன்றப் படி ஏறுவார்களா?

சொன் மி கிராமத்தில், உலகம் மி லாய் என்று சொல்லும் இடத்தில், 1968 மார்ச் 16 அன்று அமெரிக்கப் படையினரால் கொல்லப்பட்டவர்கள் 504 பேர் என்று அங்குள்ள நினைவகம் பெயர் பெயராகப் பதிந்து வைத்திருக்கிறது. குழந்தைகளின் வயது உட்பட.

மலைச்சாரல், உங்கள் எழுத்து அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டு படங்களுக்கும் ஒரே அளவு சோறு என்பதை வைத்து இரண்டு தரப்பும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வாசகர் வந்துவிடுவாரோ என்று எனக்குக் கவலை. கடல் கடந்து வந்து குண்டு போட்டவனும், தன் மண்ணில் நின்று எதிர்த்தவனும் ஒன்றல்ல.

#4 மலைச்சாரல்

செங்காந்தள் அண்ணா, நான் அப்படிச் சொல்லவில்லை. பாட்டியும் சொல்லவில்லை. அந்த மாடத்தில் அமெரிக்கர் யாரும் இல்லை. இருப்பவர்கள் ஒரே தாய் பெற்ற இரண்டு பேர். யார் பக்கம் நியாயம் என்று அந்த வீட்டில் ஒரு கருத்து இருக்கலாம். சோறு வைக்கும் நேரத்தில் அதை யாரும் எடுக்கவில்லை. நான் பார்த்தது அவ்வளவுதான்.

கோபம் இல்லையா என்று பாட்டியிடமே ஒரு நாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று பிறகு வருந்தினேன். அவர் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. போர் முடிந்த பிறகு பத்து ஆண்டு பங்கீட்டு அட்டையோடு அரிசி வரிசையில் நின்றோம், கோபப்படுவதற்கு முன்னால் குழந்தைகளுக்கு வயிறு நிறைய வேண்டியிருந்தது என்றார். பிறகு, "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டார்.

#5 பழுத்த ஓலை

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன் நான். ஹுவே என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மலைச்சாரல், தியென் மூ கோயிலுக்குப் போனாயா அம்மா? ஏழடுக்குக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு நீல நிற ஆஸ்டின் கார் நிறுத்தப்பட்டிருக்கும். 1963 ஜூன் 11 அன்று திக் குவாங் டுக் என்ற துறவி சைகோனின் நாற்சந்திக்கு வந்து இறங்கிய கார் அது. பத்மாசனத்தில் அமர்ந்து தீக்குளித்தார். புகைப்படத்தில் அவருக்குப் பின்னால் அந்தக் கார் தெரியும்.

அவர் போரை எதிர்த்துத் தீக்குளித்தார் என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. அவர் கேட்டது மத சமத்துவம். தெற்கு வியட்நாமின் ஆட்சியாளர் ங்கோ டின் டியெம் கத்தோலிக்கர். மக்களில் பெரும்பாலோர் பௌத்த வழிபாட்டில் ஊறியவர்கள். அந்த ஆண்டு மே மாதம், டியெமின் அண்ணனான பேராயருக்கு ஹுவே நகரில் விழா நடந்தபோது வத்திக்கான் கொடிகள் பறந்தன. சில நாளில் புத்தர் பிறந்தநாள் வந்தது. பௌத்தக் கொடி ஏற்றக் கூடாது என்று தடை. மே 8 அன்று வானொலி நிலையத்தின் முன் கூடிய மக்கள் மீது படையினர் தாக்குதல் நடத்தியதில் 8 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். அதிலிருந்து தொடங்கியதுதான் எல்லாம். நவம்பரில் டியெம் ஆட்சி கவிழ்ந்தது.

இப்போது நீ பார்த்த தெருப் படையலுக்கு வருகிறேன். 1966 கோடையில் அதே ஹுவேயில் இராணுவ ஆட்சிக்கு எதிராகப் பௌத்தர்கள் மீண்டும் கிளர்ந்தார்கள். சைகோனிலிருந்து படை வந்தது. அப்போது மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் வீட்டுப் பூசை மேசைகளைத் தூக்கிவந்து தெரு நடுவில் வைத்தார்கள். புத்தர் படமும் முன்னோர் படமும் ஊதுபத்திக் கிண்ணமுமாக, இராணுவ வண்டிகள் வரும் பாதையில். ஓட்டி வருபவனும் வியட்நாமியன், அவன் வீட்டிலும் அப்படி ஒரு மேசை இருக்கும், அதன் மேல் ஏற்ற அவனுக்குக் கை வராது என்ற நம்பிக்கை. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. ஆனாலும் ஹுவேக்காரர்களுக்கு வாசலில் மேசை போடுவது என்பது வெறும் சடங்கு இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

1975க்குப் பிறகும் பௌத்த சங்கத்துக்கு நல்ல காலம் வந்துவிடவில்லை. அரசின் அரவணைப்பில் 1981இல் ஒரே சங்கம் அமைக்கப்பட்டது. அதில் சேர மறுத்த மூத்த துறவிகள் பல ஆண்டுகள் வீட்டுக்காவலில் இருந்தார்கள். இரண்டு ஆட்சியிலும் அடி வாங்கியது அந்தச் சங்கம்.

தமிழருக்கு இதில் ஒரு சின்ன உறவும் உண்டு. அங்கே வெள்ளை உடையில் நிற்கும் குவான் ஆம் என்ற தாய்த் தெய்வம், நம் பௌத்தர்கள் அவலோகிதர் என்று வணங்கியவர்தான். அகத்தியர் அவரிடம் தமிழ் கேட்டதாக வீரசோழியம் சொல்கிறது. உலகத்தாரின் ஓலத்தைக் கேட்பவர் என்பது சீனத்தில் அந்தப் பெயரின் பொருள்.

#6 பயணப்பை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். டிசம்பரில் பெற்றோருடன் போகிறேன், இருவரும் சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி?

#7 தொலைவண்டி

'சாய்' என்று பலகை வைத்த கடைகளைத் தேடுங்கள். 'கொம் சாய்' என்றால் சைவச் சாப்பாடு. அவர்களுடைய சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் நிறையப் பேர் அசைவம் தொட மாட்டார்கள், அன்று எந்த ஊரிலும் தாராளமாகக் கிடைக்கும். மீன் குழம்புநீர் எல்லாவற்றிலும் விழும், 'நுவொக் மாம் வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். ஹுவே இதில் மற்ற ஊர்களைவிட மேல்.

#8 கரையோரக் காற்று

பழுத்த ஓலை ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நான் இலங்கையின் வடமராட்சிக்காரன், இப்போது கனடாவில் இருக்கிறேன்.

ஐயா, ஹுவேயில் தடை செய்யப்பட்ட அந்தக் கொடி எங்கள் தீவில் உருவானது. 1885இல் புத்தர் பிறந்தநாளான வெசாக் அன்று கொழும்பில் முதலில் ஏற்றப்பட்டது. அதே ஆண்டில்தான் ஹுவே கோட்டை விழுந்திருக்கிறது என்பதை இந்த இழையில்தான் கவனித்தேன். 1950இல் கொழும்பில் கூடிய உலக பௌத்த மாநாடு அதைப் பொதுக் கொடியாக ஏற்றபின் வியட்நாமுக்குப் போயிற்று. ஹுவேயில் அதை ஏந்தி நின்ற பிள்ளைகள் செத்தார்கள். எங்கள் ஊரில் அதே கொடியைக் காணும்போது எனக்கு நெஞ்சு இறுகும். போர் முடிந்த பிறகு எங்கள் தெருக்களில் அது யாரோடு சேர்ந்து வந்தது என்பதை நான் இங்கே விரித்து எழுத விரும்பவில்லை. ஒடுக்கப்பட்டவன் கையில் இருந்த கொடி அது என்று ஹுவேக்காரன் சொல்வது உண்மை. எனக்கு இருக்கும் அச்சமும் உண்மை. புத்தர் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. இருபத்தைந்து வயதுவரை அவர் சிலையை நிமிர்ந்து பார்க்கப் பிடிக்காமல் இருந்தவன் இதைச் சொல்கிறேன்.

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இது. வென்றவர்களின் பிள்ளைகளால் 'முடிந்தது' என்று சொல்ல முடியும். சொல்வதற்கு அவர்களுக்குக் கல்லறையும் நாளும் இருக்கின்றன. ஜூலை 27 அவர்களுக்குத் தியாகிகள் நாள், ஊர்தோறும் தியாகிகள் கல்லறைத் தோட்டம். தோற்ற தெற்குப் படையினரின் பெரிய கல்லறை பியென் ஹோவாவில் இருக்கிறது. 1975இல் அதன் வாயிலில் இருந்த வீரனின் சிலையைத் தள்ளிவிட்டார்கள். 2006 வரை அந்த இடம் இராணுவத்தின் கையில் இருந்தது. இதைப் பற்றித் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். எங்கள் போராளிகளின் கல்லறைகளான துயிலும் இல்லங்கள் மண்ணோடு மண்ணாக்கப்பட்டதைப் பார்த்தவன் தேடாமல் என்ன செய்வான்?

ஒரு விசயம் கேட்க வேண்டும். அந்தப் பாட்டியின் அப்பா எப்படி இறந்தார்? தெருப் படையலில் அவர் பெயரைச் சொன்னார்களா?

#9 செங்காந்தள்

கரையோரக் காற்று அவர்களே, உங்கள் பதிவுக்குப் பிறகு என் முந்தைய பதிவைத் திரும்பப் படித்தேன். படையெடுத்தவர் பற்றி எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மாற்ற மாட்டேன். ஆனால் அந்த எழுத்தரின் மகளைப் பற்றி எனக்கு எந்த எண்ணமும் இல்லாமல் எழுதிவிட்டேன். இருபது வயதில் அப்பாவின் படத்தை வெட்ட வேண்டி வந்தவர் அவர். கவலை என்று நான் சொன்னது அவரைத் தொட்டிருக்கக் கூடாது.

ஹுவேயில் இன்னொரு காயமும் இருக்கிறது. அதை என் தரப்பைச் சேர்ந்தவனே சொல்வதுதான் முறை. 1968 டெட் புத்தாண்டுத் தாக்குதலில் வடக்கின் ஆதரவோடு தெற்கில் போராடிய விடுதலை முன்னணியும் வடக்குப் படையும் அந்நகரைச் சில வாரம் கையில் வைத்திருந்தன. அப்போது பிடித்துச் செல்லப்பட்ட நகரவாசிகள் பலர் பின்னர் கூட்டுப் புதைகுழிகளில் கிடைத்தார்கள். எத்தனை பேர் என்பதில் இன்றும் சண்டை இருக்கிறது. நடந்ததில் இல்லை. அமெரிக்கக் குண்டுவீச்சில் நகரம் இடிந்ததைச் சொல்பவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

#10 மலைச்சாரல்

பேத்திக்கு நேற்றிரவு செய்தி அனுப்பினேன். இன்று காலை நீண்ட பதில் வந்திருக்கிறது. பாட்டியிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதியிருக்கிறாள்.

பாட்டியின் அப்பா 1975இல் மறுகல்வி முகாமுக்குப் போனார். வென்ற அரசு தெற்குப் படையினரை அடைத்துவைத்த இடம் அது. சில நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்து ஒரு மாற்றுத் துணிதான் எடுத்துப் போனாராம். இறந்த செய்தி ஓராண்டுக்கும் மேல் கழித்து, கூட இருந்த ஒருவர் வழியாக வந்தது. எந்த நாள் இறந்தார் என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

தெருப் படையலில் யார் பெயரும் சொல்வதில்லை. எல்லா ஆவிகளையும் பொதுவாக அழைப்பார்கள். நீரில் போனவர்கள், நெருப்பில் போனவர்கள், பிள்ளைப்பேற்றில் போனவர்கள், போரில் போனவர்கள் என்று. ஆனால் ஆண்டுத் திதி வீட்டுக்குள் செய்வது. அதற்குப் பெயர் வேண்டும், நாள் வேண்டும். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அவர்கள் வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளில் திதி கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. பாட்டி தன் அப்பாவுக்கு அப்படித்தான் செய்கிறார். பெரியப்பாவுக்கும் உடல் கிடைக்கவில்லை. அரசு தாளில் ஒரு தேதி போட்டிருக்கிறது, ஆனால் பாட்டியின் அம்மா காலத்திலிருந்தே அவருக்கும் அப்பா புறப்பட்ட அந்த நாளில்தான் திதி. இருவருக்கும் சேர்த்து ஒரே சமையல்.

வெட்டாத படம் ஒன்று எங்காவது இருக்கிறதா என்றும் கேட்டிருந்தேன். இல்லையாம். வெட்டிய கீழ்ப்பாதியை அன்றே அடுப்பில் போட்டுவிட்டார்.

#11 பழுத்த ஓலை

புறப்பட்ட நாளில் திதி. இத்தனை ஆண்டு பாடம் நடத்தியவனுக்கு இது தெரியாது. நன்றி அம்மா. பாட்டிக்கும் சொல்.

#12 கரையோரக் காற்று

பதில் எழுத நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும்.

என் அண்ணன் 2009இல் காணாமல் போனவர். அம்மா இன்றுவரை அவருக்குத் திதி கொடுக்கவில்லை. படத்துக்கு மாலை போட விடமாட்டார். மாலை போட்டால் நாமே அவனைச் சாகக் கொடுத்ததாகிவிடும் என்பார். நாங்கள் யாரும் வற்புறுத்துவதில்லை. அம்மாவைப் போன்றவர்கள் எங்கள் ஊரில் வீதிக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

தங்கச்சி, நீங்கள் எழுதியதை ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். இடையில் ஒன்றும் சொல்லவில்லை. முடித்ததும், அந்தப் பாட்டி என்ன சமைப்பார் என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்ல முடியுமா?

#13 மலைச்சாரல்

கேட்டுவிட்டேன் அண்ணா. அப்பாவுக்குப் பிடித்த வெண்ணிறப் பச்சரிசிச் சோறு, மிளகு தூக்கலாகப் போட்டு மண்சட்டியில் வற்றவைத்த மீன், தாமரை விதை போட்ட இனிப்புக் கஞ்சி. சாப்பாட்டை வைத்த பிறகு ஊதுபத்தி எரிந்து முடியும்வரை யாரும் மேசைப் பக்கம் போகமாட்டார்களாம். அவர்கள் நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காக.

அம்மா என்ன சமைப்பார் என்று பாட்டி கேட்கிறார்.